பிள்ளையின் கை முறிந்தால்: அரைமயக்கமா, முழுமயக்கமா?

பிள்ளை மாமரத்தால் விழுந்து கை வளைந்து போயிருந்தால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது சோடாப் போத்தலை உடைக்காமல் இருப்பது. விழுந்தவருக்கும் பயந்தவருக்கும் சோடா கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்து ஒரு பிஸ்கட்டையும் வாயில் வைத்துவிடுவார். எல்லாம் அன்பில்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாரான பிறகு, சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் பிள்ளையை மறித்து வைப்பது அந்தப் பிஸ்கட்தான்.

நான் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. கை முறிந்த பிள்ளைகளின் தாய் தகப்பன் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மிஸ், முழுசா மயக்காமல் சும்மா ஒரு ஊசியோட இழுத்துக் கட்டேலாதோ?” பிள்ளை தானே மூச்சு எடுத்துக்கொண்டிருக்க, நோ தெரியாமல் செய்கிற அரைமயக்கத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். சில முறிவுகளுக்கு ஏலும். சில முறிவுகளுக்கு அப்படிச் செய்யப் போனால்தான் சிக்கல். முறிவு எப்படிப்பட்டது, வயிற்றில் என்ன இருக்கிறது, பிள்ளையின் தலைமாட்டில் யார் நிற்கிறார் என்ற மூன்றையும் வைத்துத்தான் இது முடிவாகிறது. எங்கள் பயத்துக்கும் மருந்தின் பெயருக்கும் அதில் பெரிய இடம் இல்லை.

வீட்டில் இருந்து வார்ட் வரை

வளைந்த கையை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இருக்கிற மாதிரியே வைத்து, உதயன் பேப்பரை நாலைந்தாக மடித்துக் கைக்குக் கீழே கொடுத்து, மெல்லிய துணியால் இறுக்காமல் சுற்றி, அப்பாவின் சால்வையால் கழுத்தோடு தூளி போலக் கட்டுங்கள். காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். கோயிலில் கட்டின நூலையும்தான். கை வீங்கியதும் அந்த நூல் தோலுக்குள் புதைந்துவிடும். நேர்த்தி நூல் என்று அம்மம்மா தடுத்தாலும் வெட்டிவிடுங்கள், பிறகு புதிதாகக் கட்டலாம்.

வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வடமாகாணத்துக்கு 2018 இல் வந்தது, காசு இல்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே போகலாம். அங்கே செய்ய முடியாததை யாழ் போதனா வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்புவார்கள். நெடுந்தீவில் இருந்து வருபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: குறிகட்டுவானுக்குப் படகில் வந்து சேரவே நேரம் போய்விடும், ஆகவே தீவை விட்டுப் புறப்படும்போதே பிள்ளை கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள்.

விரல் நுனி வெளிறி, குளிர்ந்து போயிருந்தாலோ, விரலை அசைக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னாலோ, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு தெரிந்தாலோ, வாசலிலேயே அதைச் சொல்லுங்கள். வரிசையில் நின்று துண்டு எடுக்கிற விஷயம் இல்லை அது.

முறிவு வைத்தியரிடம் முதலில் காட்டலாமா என்று கேட்பீர்கள். அவர்களில் கைராசிக்காரர் பலர் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் முறிவை எக்ஸ்ரே பார்க்காமல் எண்ணெய் போட்டு இழுப்பதும், மட்டை வைத்து இறுகக் கட்டுவதும் வேண்டாம். கை உள்ளுக்குள் வீங்க வீங்க, கட்டு நெகிழாமல் இருந்தால் இரத்த ஓட்டம் நின்று தசை சாகும். அது ஒரு புறம் இருக்க, பிள்ளையின் எலும்பு மிக விரைவாக ஒட்டத் தொடங்கும். எலும்பு வளருகிற தட்டோடு சேர்ந்த முறிவு என்றால், ஒரு கிழமை கழித்து அதைத் திரும்ப இழுத்து நேராக்கப் போனால் அந்தத் தட்டுக்கே சேதம் வரலாம் என்று டொக்டர்மார் கை வைக்கவே தயங்குவார்கள்.

எந்த முறிவுக்கு எது

எக்ஸ்ரே வந்ததும் டொக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதை இழுத்து வைக்கத்தான் வேணுமோ?” சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடையாமல் ஒரு பக்கம் புடைத்து மட்டும் நிற்கிற முறிவு சின்னப் பிள்ளைகளில் ஏராளம். அதற்கு மயக்கமும் வேண்டாம், இழுப்பும் வேண்டாம். மூன்று கிழமை அளவில் ஒரு தாங்கி போட்டாலே போதும். கொஞ்சம் சரிந்திருந்தாலும், பிள்ளை சின்னதாக இருந்து, முறிவு மணிக்கட்டுக்குக் கிட்டவும் இருந்தால், வளர வளர எலும்பு தானே நேராகிவிடும். முன்கையின் ஆரை எலும்பு நீளுவதில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கத்துத் தட்டில்தான் நடக்கிறது, அதனால்தான் அந்த இடத்துக்கு இந்தச் சலுகை. எலும்பு முறுக்கிக்கொண்டு நின்றால் மட்டும் வளர்ச்சி அதைத் திருத்தாது.

சரி, இழுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். பச்சைக் கொம்பு மாதிரி ஒரு பக்கம் முறிந்து மறுபக்கம் வளைந்து நிற்கிற எலும்பு, மணிக்கட்டருகே சரிந்த முறிவு, இவற்றை அரைமயக்கத்தில் சில நிமிடத்தில் நேராக்கிப் பிளாஸ்டர் போட்டுவிடலாம். முழங்கைக்கு மேலே முறிந்து விலகினது, தோல் கிழிந்தது, இரண்டு எலும்பும் முழுதாக உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது, இவை பெரும்பாலும் முழுமயக்கத்துக்குரியவை. முழங்கை முறிவு திரும்ப நழுவாமல் இருக்கக் கம்பி குத்த வேண்டியிருக்கும். தோல் கிழிந்திருந்தால் தியேட்டரில் கழுவ வேண்டும். பதின்மூன்று, பதினாலு வயதுப் பெடியன் என்றால் தசையே எலும்பை விடாமல் பிடித்து இழுக்கும். தசை முழுதாகத் தளராமல் அவனோடு மல்லுக்கட்டினால் டொக்டருக்கும் களைப்பு, பெடியனுக்கும் நோ.

இதற்கிடையே மூன்றாவது வழியும் உண்டு. முறிந்த இடத்தில் தேங்கி நிற்கிற இரத்தத்துக்குள்ளேயே விறைப்பு மருந்தை ஏற்றுவார்கள், அல்லது கையை இறுக்கி நாளத்துக்குள் ஏற்றிக் கை முழுவதையும் விறைக்கச் செய்வார்கள். சொன்னதைக் கேட்டு அசையாமல் இருக்கக்கூடிய பெரிய பிள்ளைக்கு அது சரிவரும். ஐந்து வயதுக் குழந்தையிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

தலைமாட்டில் யார்

அரைமயக்கத்துக்குப் பிள்ளைகளில் பெரும்பாலும் பாவிக்கிற மருந்து கெட்டமின். 1962 இல் உருவாக்கி, 1970 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. நாளத்தில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் பிடிக்கும், பத்து முதல் இருபது நிமிடம் வரை நிற்கும். நோவைத் தெரியவிடாது, நடந்தது ஞாபகத்தில் தங்காது, மூச்சைப் பிள்ளை தானே எடுத்துக்கொண்டிருக்கும். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பதால் பிள்ளையின் நிறை கேட்பார்கள். “நல்ல மொத்தம் டொக்டர்” என்பது பதில் இல்லை, கடைசியாகக் கிளினிக்கில் நிறுத்த கிலோவைச் சொல்லுங்கள்.

கெட்டமின் பிடித்த பிள்ளையைப் பார்த்துத் தாய்மார் திடுக்கிடுவார்கள். கண் திறந்திருக்கும், கருவிழி ஆடும், சிலவேளை முனகும். பிள்ளைக்கு நோகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அழுவார்கள். மருந்தின் இயல்பே அதுதான்.

முழுமயக்கத்தில் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அசைவும் இருக்காது. மூச்சு வழியை மயக்க மருந்து வைத்தியர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்: தொண்டையில் ஒரு குழாய், அல்லது தொண்டைக்குள் மூச்சுக்குழாய் வாசலில் உட்காருகிற சின்ன முகமூடி போன்ற ஒன்று. இழுத்துப் பார்த்துச் சரிவராவிட்டால், அதே மயக்கத்தில் கம்பி குத்தலாம், தேவையென்றால் திறந்தும் செய்யலாம். அதுதான் இதன் பெரிய வசதி. எழும்பும்போது தொண்டை கரகரக்கும், நடுங்கும், சில பிள்ளைகள் காரணமில்லாமல் அரை மணித்தியாலம் கத்துவார்கள். தியேட்டர் இடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான கஷ்டம். வாகன விபத்துக் கேஸ் ஒன்று வந்தால் உங்கள் பிள்ளை பின்னுக்குத் தள்ளப்படும். அதில் கோபித்துப் பலன் இல்லை.

அரைமயக்கம் என்றால் ஆபத்தே இல்லை, முழுமயக்கம் என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்ற எண்ணத்தை நான் வேலை செய்த காலம் முழுவதும் கேட்டேன். அது பிழை. இரண்டும் கேணிப்படி மாதிரி. மேல்படியில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் அடுத்த படிக்கு வழுக்கலாம். ஒரு பிள்ளைக்கு லேசாகப் பிடிக்கிற அளவு இன்னொரு பிள்ளையை ஆழமாகத் தூங்க வைத்துவிடும், முக்கியமாக வேறு தூக்க மருந்தோ பலமான நோமருந்தோ சேர்த்துக் கொடுத்தால். பயிற்சி உள்ள கையில் முழுமயக்கம், ஆளில்லாத அறையில் அரைமயக்கத்தை விட எவ்வளவோ பாதுகாப்பானது.

ஆகவே “எந்த மருந்து?” என்று கேட்பதற்கு முன், “கை இழுக்கிறவரைத் தவிர, பிள்ளையின் மூச்சை மட்டும் பார்க்க ஒரு ஆள் நிற்பாரோ?” என்று கேளுங்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. விரலில் ஒட்சிசன் பார்க்கிற கிளிப், ஒட்சிசன், எச்சில் உறிஞ்சுகிற குழாய், பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இப்படிக் கேட்டால் டொக்டர் குறை நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டொக்டர் சந்தோசப்படுவார். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், அந்தக் கிளிப் சரியாகக் காட்டாது.

டொக்டர் சிங்களப் பிள்ளையாக இருந்து உங்களுக்கு விளங்காவிட்டால் தாதியைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தலையை ஆட்டிவிட்டுச் சம்மதத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். அந்தத் தாளிலேயே, முதலில் இழுத்துப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் கம்பி என்று இரண்டும் சேர்த்து இருக்கலாம். அப்படியென்றால் வாய்விட்டுக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள்.

வயிறும் உண்மையும்

சோறு, புட்டு, இடியப்பம், கஞ்சி, பிஸ்கட், பால்மா, பால்தேத்தண்ணி, எல்லாவற்றுக்கும் 6 மணித்தியாலம். தாய்ப்பாலுக்கு 4. வெறும் தண்ணீருக்கும் பால் விடாத தேத்தண்ணிக்கும் 2, இப்போது சில இடங்களில் 1. மயங்கின நேரத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது, அதுதான் காரணம்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விழுந்த பயத்திலும் நோவிலும் பிள்ளையின் குடல் வேலையை நிறுத்திவிடும். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டு 1.30 க்கு விழுந்த பிள்ளையின் வயிறு, இரவு 8 மணிக்கும் காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதோடு எத்தனை மணிக்கு விழுந்தது என்பதையும் கேட்கிறார்கள். கெட்டமின் அரைமயக்கத்தில் இந்தக் கணக்குக் கொஞ்சம் தளரும். உண்ணாவிரத நேரம் போதாது என்பதற்காக மட்டும் அவசர அரைமயக்கத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை என்று அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2014 இல் சொல்லியிருக்கிறது. கை குளிர்ந்து போனால் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மற்றபடி காத்திருப்பதா, உடனே செய்வதா என்று முடிவெடுப்பது மருந்து கொடுப்பவர். அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

அங்கேதான் பிரச்சினை. “ஒண்டும் குடுக்கேல்லை மிஸ், சத்தியமா” என்று அம்மம்மா சொல்வார். பிள்ளையின் வாயில் சொக்லேட் மணக்கும். ஏசுவார்கள் என்ற பயத்தில் சொல்லும் அந்தப் பொய்தான் மயக்க மருந்தை விடப் பெரிய ஆபத்து. கொடுத்தால் கொடுத்தோம் என்று சொல்லுங்கள், கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். மறுபக்கம், சத்திரசிகிச்சை நாளைக் காலையில் என்றால் இரவு முழுக்கப் பிள்ளையைப் பட்டினி போடவும் தேவையில்லை. எத்தனை மணி வரை சாப்பாடு, எத்தனை மணி வரை தண்ணீர் என்று வார்ட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோவுக்கு மருந்தும் கேளுங்கள். மயக்கம் கொடுக்கப் போகிறோம் என்பதற்காகப் பிள்ளை நோவில் கிடக்க வேண்டியதில்லை.

வேறு சொல்ல வேண்டியவை: தடிமன், சளி, காய்ச்சல் இப்போது இருக்கிறதா, போன கிழமை இருந்ததா. தொய்வு இருந்து பம்ப் பாவிக்கிறதா. வலிப்பு, இருதயத்தில் ஓட்டை, இரவில் பலமான குறட்டை. ஒவ்வாத மருந்து. ஆடுகிற பல். ஆறேழு வயதுப் பிள்ளையின் முன்பல் மயக்கத்தில் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பதால் அதை நாங்கள் கட்டாயம் பார்ப்போம், நீங்களும் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தோடு ஏதும் நடந்ததா என்பதும் முக்கியம். எழும்ப மணிக்கணக்காகப் பிந்தினார், காய்ச்சல் ஏறிப் போனது என்று ஒரு சித்தப்பாவின் கதை இருந்தால் அதை வம்பு என்று விட்டுவிடாதீர்கள். இவற்றில் சில பரம்பரையாக வருபவை. மச்சான் மச்சாள் கலியாணம் நடக்கிற குடும்பங்களில் அந்தக் கதை இன்னும் கவனிக்க வேண்டியது.

“மூளை மந்தமாகுமோ?”

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கை முறிந்தால் யாழ்ப்பாணத்துத் தாய் முதலில் கேட்பது இதைத்தான், கை எப்படி என்பது இரண்டாவது. 2019 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கைக்குழந்தைகளாக இருந்தபோது ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்த முழுமயக்கம் எடுத்தவர்களையும், முதுகில் விறைப்பு ஊசியோடு விழித்திருந்து சத்திரசிகிச்சை செய்தவர்களையும் ஐந்து வயதில் ஒப்பிட்டார்கள். அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 இல் எச்சரித்தது மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, 3 மணித்தியாலத்துக்கு மேல் நீளுகிற அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கிற மயக்கத்தைப் பற்றி. பத்து வயதுப் பிள்ளையின் கையை நேராக்குவது அந்தக் கணக்கில் வராது. பரீட்சையைக் கெடுக்கப் போவது பிளாஸ்டர் போட்ட வலது கைதான். அதற்குப் பாடசாலையோடு நேரத்துக்குக் கதையுங்கள்.

பிள்ளையிடம் “ஊசி போட மாட்டினம்” என்று சொல்லாதீர்கள். ஊசி ஒன்று உண்டு, சின்னக் கடி, பிறகு நித்திரை வரும் என்றே சொல்லுங்கள். கெட்டமின் ஏற்றும்போது பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிக் காதுக்குள் கதைப்போம்: வீட்டு நாய்க்குட்டி, நல்லூர்த் திருவிழாவில் குடித்த ஐஸ்கிறீம். பயந்துகொண்டு போகிற பிள்ளை பயந்துகொண்டே திரும்பி வரும் என்பது எங்கள் அனுபவம்.

எழும்பின பிறகு

கெட்டமின் எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் வாந்தி எடுப்பார்கள் என்று, 8,000 க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2009 இல் காட்டியது; பெரிய பிள்ளைகளில் இது கூட. எனவே பக்கவாட்டில் படுக்க வையுங்கள். சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட வேண்டாம், வெளிச்சமும் சத்தமும் குறைவாக இருந்தால் அமைதியாக எழும்பும். முதலில் தண்ணீர், தங்கினால் மெல்லிய சாப்பாடு.

அரைமயக்கம் எடுத்த பிள்ளையை அன்றே வீட்டுக்கு விடலாம். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு போகாதீர்கள். தூக்கத்தில் தலை முன்னால் தொங்கினால் மூச்சு அடைபடும், கையும் இடிபடும். ஓட்டோ பிடியுங்கள், பின்னால் ஒருவர் தலையைத் தாங்கிக்கொண்டு இருக்கட்டும். அன்று முழுவதும் கால் தள்ளாடும். கிணற்றடிக்கும் மொட்டைமாடிக்கும் தனியே விடக் கூடாது.

அடுத்த இரண்டு நாள் கையைத் தலையணையில் உயர்த்தி வைத்து, விரலை அடிக்கடி பாருங்கள். பனடோல் கொடுத்தும் நோ கூடிக்கொண்டே போவது, விரலை மெல்ல நீட்டினாலே துடிப்பது, விறைப்பு, நீலம், குளிர்ச்சி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் நடுச்சாமம் என்றாலும் திரும்பப் போங்கள். பிளாஸ்டரைப் பிளந்து இறுக்கம் குறைக்க வேண்டியிருக்கும். கடிக்கிறது என்று ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிய விடாதீர்கள். முறிந்த ஈர்க்குத்துண்டு உள்ளே கிடந்து புண்ணாக்கின கையை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு கிழமையில் எக்ஸ்ரேக்கு வரச் சொல்வார்கள். நோ இல்லை, பிள்ளை விளையாடுகிறது என்று அதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். வீக்கம் வற்றினதும் பிளாஸ்டர் தளர்ந்து எலும்பு உள்ளே நழுவுவது அந்த முதல் கிழமைகளில்தான். அப்போது கண்டுபிடித்தால் திரும்ப நேராக்கலாம், அதற்கு இன்னொரு மயக்கம் தேவைப்பட்டாலும். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டுக்கு விடுகையில் தந்த அட்டையைக் கொண்டுபோங்கள். அதில் எந்த மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள், பிள்ளை அதை எப்படித் தாங்கினது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.